‘மற்றும் பிறர்’ ஆகிப்போன அண்ணனுக்கு

எனக்க சிவதாணு அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்கினால் நீயே சிரிப்பாய். அதனால் நேரே சண்டையில் தொடங்குகிறேன். உன்மேல் எனக்குக் கோபம். செத்துப்போனதற்காக இல்லை, மஞ்சள் காமாலை உன்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வந்தது? கோபம் வேறொன்றுக்கு. என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு போய்விட்டாயே, அதற்கு.

உன் துறைக்காரர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ‘தங்கையின் நினைவுகள்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நீ எவ்வளவு சாது, எவ்வளவு அடக்கம், மாணவர்களிடம் எவ்வளவு பிரியம் என்று நான் உருக வேண்டுமாம். சாதுவாம்! பரீட்சைக்கு முந்தின நாள் என் பேனாவை ஒளித்து வைத்துவிட்டு, தேடுவதற்கு எனக்கு உதவியும் செய்தவன் நீ. உருகுவதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும். நான் எழுதித் தருவது இந்தக் கடிதம்தான். போட்டால் போடட்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் மலரைப் புரட்டுவார்கள், அவர்களுக்காக நாலு வரி. என் அண்ணன் சிவதாணு திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் மருத்துவ உளவியல் ஆசிரியர், ஆராய்ச்சிக்காரர். நான் பகவதி, பாறசாலை சந்திப்பில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள். அண்ணன் கையால் எழுதிய ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, நெய்யாற்றின்கரை தபாலாபீசுக்குக் கொண்டுபோய் வெளிநாட்டு இதழ்களுக்கு ஏர்மெயிலில் போட்டவள் நான். பாதி அர்த்தம் எனக்குப் புரியாது. ஆனால் பக்கத்தில் ஒரு கறை இருக்காது. அதில் எனக்குத் திமிரே உண்டு.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். மைனி அழுது தீர்த்துவிட்டு இப்போது பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த நாளில் என்ன வாய் பேசினாளோ, அதில் கால்வாசி திரும்பி வந்திருக்கிறது. உன் மகள் கணக்கில் உன்னைப் போலவே சுமார். நம் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்திருக்கிறது. எஸ்டிடி பூத்துக்குப் பக்கத்துக் கடை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

பனச்சமூட்டில் உன்னை இன்னும் கேட்கிறார்கள். போன மாதம் சந்தைக்குப் போனபோது அந்த மரச்சீனிக் கிழங்கு விற்கிற தங்கம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “எனக்க கிட்டே கேள்வி கேட்டு கேட்டு எழுதின சாரு உனக்க அண்ணனாக்குமே? போயிட்டாருன்னு சொன்னாவ. நெசமா?” என்றாள். நெசம்தான் என்றேன். பை நிறைய மரச்சீனி போட்டுக் கொடுத்தாள். நீ அவளிடம் என்ன கேட்டாய் என்பது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. உன் கல்லூரியில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ, தெரியாது.

அந்தக் கேள்வித்தாளைப் பற்றிச் சொல்லாமல் உன்னைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் மனக்கலக்கத்தை அளப்பதற்கு அதுவரை இருந்த கேள்வித்தாள்கள் ஒன்று புத்தகத் தமிழில் இருக்கும், இல்லை புத்தக மலையாளத்தில் இருக்கும். ‘தாங்கள் அமைதியின்மையை உணர்கிறீர்களா?’ என்று கேட்டால் தங்கம்மா என்ன சொல்வாள்? “சாரு சொன்னா சரியாக்கும்” என்பாள். எல்லாக் கேள்விக்கும் அதே பதில். அவளுக்குச் சீக்கு முற்றிவிட்டது என்று இவர்கள் எழுதி வைப்பார்கள். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டு வந்து என் மேஜையில் குத்தினாய். “எலே, இது நோயை அளக்கல்ல. மரியாதையை அளக்குது!” என்று கத்தினாய். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன், எலே என்று யாரைச் சொன்னாயோ.

பிறகு நீ சந்தையிலும் பஸ் நிறுத்தத்திலும் போய் உட்கார்ந்தாய். பெருங்கடவிளை, வெள்ளறடை, பூவார் என்று அலைந்தாய். நம் ஜனங்கள் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகத் தங்கள் கஷ்டத்தை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதிக்கொண்டு வந்தாய். தங்கம்மா சொன்னதை அன்றைக்கே என்னிடம் சொல்லிக் காட்டினாய்: “உறக்கம் உண்டு சாரே. உறங்கின சுகம் இல்லே.” அதை அப்படியே ஒரு கேள்வியாக்கினாய். உறங்கி எழும்பினால் உறங்கின சுகம் உண்டா? அதற்கு யாரும் சாருக்காகப் பதில் சொல்ல மாட்டார்கள். அவரவர் மனசு அவரவர் வாயில் வந்துவிடும்.

முதல் இதழ் திருப்பி அனுப்பியது. இது எந்த மொழி என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வயிறெரிந்தது. நீயோ, “அவனுக்கு நம்ம ஊரு பஸ்ஸிலே ஏறத் தெரியாது மக்கா, விடு. வேற கவர் எடு” என்றாய். இரண்டாவது இதழ் போட்டது. அதன் பிறகு எங்கெங்கோ இருந்து உனக்குக் கடிதம் வரத் தொடங்கியது. இரண்டு பாஷை கலந்து பேசுகிற ஊர் உலகம் முழுக்க இருக்கிறதாமே. அங்கேயெல்லாம் உன் முறையில் கேள்வித்தாள் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு தபாலையும் எனக்கு வாசித்துக் காட்டி, அர்த்தமும் சொன்னாய். நானும் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி தலையாட்டினேன்.

அதனால்தான் அந்த இன்டர்வியூ நாளில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரீடர் பதவிக்கான இன்டர்வியூ, ஆசிரியர் வேலையில் உனக்கு அடுத்த படி. மைனி இஸ்திரி போட்ட சட்டையில் போனாய். மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து, மாணவிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாய்.

“என்னாச்சு அண்ணா?”

“ஒண்ணும் ஆகல்ல. எனக்க பேரு அந்தப் புஸ்தகத்திலே ரெண்டு எடத்திலே தான் உண்டாம்.”

“எந்தப் புஸ்தகம்?”

“ஆரு ஆருக்க கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கான்னு வருஷா வருஷம் அச்சடிக்க ஒரு புஸ்தகம் உண்டு. தடியன் புஸ்தகம். அதை வெச்சுத்தான் இப்போ ஆளை அளக்கது.”

“அப்போ மத்ததெல்லாம் எங்கே போச்சு? இவ்வளவு தபால் வந்துதே? நீ கேக்கல்லியா? கேக்கதுக்கு உனக்கு வாய் இல்லியா?”

“வாய் உண்டு மக்கா. கேட்டா பதிலும் உண்டு. சவத்தைத் தள்ளு. ஒரு சாயா சொல்லு” என்றாய்.

நான் சாயா சொன்னேன். அதோடு விட்டேனா? இல்லை. உனக்குத் தைரியம் இல்லை, எதிர்த்துப் பேசத் தெரியாது, யாரோ உன்னை ஏமாற்றுகிறார்கள், நீ வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று மாணவிகளுக்கு முன்னாலேயே உன்னைக் கிழித்தேன். நீ சாயா குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாய். கிளம்பும்போது, “உனக்க பிள்ளைய எல்லாம் டைப் அடிக்கத மறந்து என்னைப் பாக்குது” என்று மட்டும் சொன்னாய். அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த மழைக்காலம் உன்னைக் கொண்டுபோனது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

மலரின் கடைசியில் உன் கட்டுரைகளின் பட்டியல் வர வேண்டுமாம். அதை அடித்துக் கொடுக்க வேண்டியவள் நான். சும்மா பட்டியலா? ஒவ்வொரு கட்டுரையையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே போட்டு அவர்கள் மூக்கை உடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். பஸ் ஏறித் திருவனந்தபுரத்து நூலகத்துக்குப் போனேன். உன் பெயரைச் சொன்னதும் அங்கே வேலை பார்க்கும் ஷைலஜா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவள் நெய்யாற்றின்கரைக்காரி, நம் பாஷையில்தான் பேசினாள்.

அந்தப் புத்தகத்தைத் தடியன் என்று நீ சொன்னது பொய்யில்லை. தூக்கி வைக்க இரண்டு கை வேண்டும். எழுத்தோ கடுகு மாதிரி. உன் பெயரைக் கண்டுபிடித்தோம். கீழே இரண்டே வரி. நீ தனியாக எழுதிய இரண்டு சின்னக் கட்டுரைகள். கேள்வித்தாளைப் பற்றிய கட்டுரையைக் காணோம். அதன் பின்னால் வந்ததையும் காணோம். வேறு வருஷத்துப் புத்தகங்களையும் இறக்கச் சொன்னேன். அதே கதை.

“இது என்ன புக்கு?” என்று எனக்குக் குரல் ஏறிவிட்டது. “இவ்வளவு பேரு எழுதியிருக்காவ, எனக்கிட்டே தபால் இருக்கு. எல்லாத்தையும் முழுங்கிட்டு ரெண்டு வரி போட்டிருக்கான்!”

“சேச்சி, மெள்ளப் பேசுங்க. அந்தக் கட்டுரையிலே முதல் பேரு ஆருக்க பேரு?” என்று ஷைலஜா கேட்டாள்.

உன் துறைத்தலைவர் பெயர் என்றேன். நாம் பெரிய சார் என்று சொல்வோமே, அவர். இரண்டாவது உன் துறையிலேயே வேலை பார்த்த டீச்சர். மூன்றாவது உன் பெயர். மூன்று பேரும் சேர்ந்து போட்ட எல்லாக் கட்டுரையிலும் அதே வரிசைதான்.

அவள் பக்கத்தைப் புரட்டிப் பெரிய சார் பெயரைக் காட்டினாள். அண்ணா, அங்கே இருந்தது. எல்லாம் அங்கேதான் இருந்தது. ஒரு பத்தி முழுக்க உன் கேள்வித்தாள். மேலே அவர் பெயர். இந்தப் புத்தகத்தில் முதலில் நிற்கிறவருக்குக் கீழேதான் எல்லாவற்றையும் அடுக்குவார்களாம். இரண்டாவது மூன்றாவது ஆட்களுக்கு இங்கே இடமே கிடையாதாம். மேற்கோள் காட்டுகிற கட்டுரைக்காரர்களும் முதல் பெயரைப் போட்டுவிட்டு ‘மற்றும் பிறர்’ என்று எழுதி முடித்துவிடுவார்களாம். வெயிலில் அலைந்தவன் நீ, கேட்டவன் நீ, எழுதியவன் நீ. கடைசியில் நீதான் அந்த மற்றும் பிறர்.

ஷைலஜா அதோடு நிற்கவில்லை. “உங்க அண்ணன் சாரும் ஒருக்க வந்திருந்தாரு சேச்சி. இன்டர்வியூ கழிஞ்ச அடுத்த நாளு. இதே பக்கத்தை நோக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாரு. நானே கேட்டேன், சார் எதுக்குப் பேரைக் கடைசியிலே போட்டுதுன்னு. சிரிச்சாரு. அது எங்க வீட்டு வழக்கமாக்கும்னு சொன்னாரு.”

எங்கள் வீட்டு வழக்கமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருத்தன் உழைப்பைத் தின்பது யார் வீட்டு வழக்கம்? நீ பூசி மெழுகியிருக்கிறாய் என்றே நினைத்தேன். அங்கிருந்து நேரே பூவார் பஸ்ஸில் ஏறினேன்.

பெரிய சார் ஓய்வு பெற்று பூவாரில் ஆற்றுக்கரை வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. நான் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டேன். “சார், எங்க அண்ணனுக்க வேலைக்கு மேலே நீங்க ஏறி இருந்தது போதாதா? அவனுக்கு வர வேண்டிய பதவியும் போச்சு. உங்களுக்கு உறங்கி எழும்பினா உறங்கின சுகம் உண்டா?” என்றேன். உன் கேள்விதான். நான் வேறு எங்கே போய்க் கேள்வி தேடுவேன்?

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“நான் கேட்டு வாங்கல்ல பகவதி. சத்தியமாட்டு சொல்லுதேன்” என்றார். “முதல் கட்டுரையை அவன் கையாலே எழுதி எனக்குத் திருத்தத் தந்தான். அதிலே அவனுக்க பேருதான் முதல்லே. நான் மூணாவது. அதுதான் நியாயம், வேலை முழுக்க அவன் செய்தது. டைப் ஆயிட்டு வந்தப்போ பாத்தேன், எனக்க பேரு மேலே ஏறியிருக்கு. இது என்ன சிவதாணுன்னு கேட்டேன். இருக்கட்டும் சார், அது அப்பிடி வந்துட்டுதுன்னான். எனக்கும் அது பிடிச்சிருந்தது. மாத்துன்னு நான் சொல்லல்ல. அந்தத் தப்பு எனக்க தப்பு. இல்லேன்னு சொல்லல்ல.”

“வந்துட்டுதுன்னா எப்பிடி வரும்? மெஷின் தானாட்டு மாத்துமா?” என்று கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மெஷின் தானாக எதையும் மாற்றாது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது யார்?

அண்ணா, இனி நான் எழுதுவது மலர் படிக்கிற எல்லாருக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் இரண்டு பக்கத்துக்கு மேல் போகிறது.

உன் முதல் கட்டுரை வந்த காலத்தில் நான் களியக்காவிளை அச்சகத்துக்குக் கல்யாண அழைப்பிதழ்களின், நம் பேச்சில் கல்யாண லெட்டர்களின், மூலப்படி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாண லெட்டரில் பெயர்களின் வரிசை என்றால் நம் ஊரில் விளையாட்டா? மூத்தவர் மேலே, அடுத்தவர் கீழே, கல்யாணத்துக்காக ஓடியாடி உழைக்கிறவன் கடைசியில். பெருங்கடவிளைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்துவிட்டேன். தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போய்விட்டது. தாய்மாமன் பந்தலுக்கே வரவில்லை. பெண்ணின் அப்பா என் இன்ஸ்டிட்யூட் வாசலில் வந்து நின்று, “உனக்குக் கையிலே கண்ணு இல்லியா? ஒரு குடும்பத்தை ரெண்டாக்கிட்டியே!” என்று ஊர் கேட்கக் கத்தினார். அதற்குப் பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பெயர் வரிசையைத்தான்.

அந்த வாரத்தில்தான் நீ உன் முதல் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தாய். மேலே உன் பெயர். அடுத்து டீச்சர் பெயர். மூன்றாவது பெரிய சார். உனக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைத்தேன். அவசரத்தில் எழுதிவிட்டாய், நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய சார் பெயரை மேலே ஏற்றி, டீச்சரை நடுவில் வைத்து, உன்னைக் கீழே இறக்கி அடித்து முடித்தேன். நீ வந்து முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தாய்.

“இது என்ன மக்கா?”

“பின்ன? உனக்க சாருக்க பேரு மேலே நீயா ஏறி நிக்கது? பாக்கவன் என்ன சொல்லுவான்? நான் இல்லேன்னா உனக்க மானம் கப்பலேறியிருக்கும்.”

நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் அன்றைக்கு எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே நினைவிருக்கிறது. பெருங்கடவிளைக்காரரிடம் வாங்கிய ஏச்சுக்கு மருந்து போட்ட மாதிரி இருந்தது. “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு நீ கவரில் போட்டுக்கொண்டு போனாய். அடுத்த கட்டுரையை நீயே அந்த வரிசையில் எழுதிக்கொண்டு வந்தாய். அதற்கடுத்ததும் அப்படியே. அண்ணன் திருந்திவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். திருந்திவிட்டானாம்!

ஏன் அண்ணா அன்றைக்கே சொல்லவில்லை? “ஏட்டி, இது கல்யாண லெட்டர் இல்லே, திருப்பி அடி” என்று ஒரு வாக்கியம். ஒரு தாள், ஒரு கார்பன், ஒரு கால் மணி நேரம். நான் முணுமுணுத்துக்கொண்டே அடித்திருப்பேன். அதன் விலை இவ்வளவு என்று அப்போது உனக்கும் தெரியாது, அது சரி. இன்டர்வியூவுக்குப் பிறகு தெரிந்ததே? நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உன்னை அத்தனை பேர் முன்னால் கிழித்தபோது, “செய்தது நீ” என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? ஊரார் மனசில் இருப்பதையெல்லாம் கேட்டு வெளியே எடுக்கத் தெரிந்தவனுக்குத் தன் மனசில் இருப்பதை ஒரு தங்கையிடம் சொல்லத் தெரியாதா?

சொல்லியிருந்தால் நான் உடைந்துபோவேன் என்று நினைத்தாய். உடைந்திருப்பேன்தான். உடைந்து, அழுது, மறுநாள் பஸ் ஏறி அந்த இன்டர்வியூக்காரர்கள் முன்னால் நின்று, இது என் கை செய்தது என்று சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்டிருப்பார்களா? கேட்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் நீ உயிரோடு இருக்கும்போது உனக்காகச் சண்டை போட எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அதை நீ எனக்குத் தரவில்லை. அதுதான் கோபம். அன்பு என்று நினைத்து அதைச் செய்திருப்பாய். நான் செய்ததும் அன்பு என்று நினைத்துச் செய்ததுதான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உன் பெயரை நன்றாகத்தான் புதைத்தோம்.

பழையதை மாற்ற முடியாதாம். பெரிய சார் இதழ்க்காரர்களிடம் தானே கேட்டுப் பார்த்தார். அச்சானது அச்சானதுதானாம். என் மேஜையில் வெள்ளை மைக் குப்பி இருக்கிறது, ஆயிரம் பிழையை மூடியிருக்கிறேன். எந்தெந்த தேசத்திலோ அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்கு அது எட்டாது. பட்டியலில் உன் பெயரை நானாக மேலே ஏற்றி அடிக்கவும் முடியாது. இனி ஒரு பொய் வேண்டாம். உள்ளதை உள்ளபடி அடித்தேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘பெயர்களின் வரிசை தட்டச்சு செய்தவளின் தவறு, ஆராய்ச்சி சிவதாணுவுடையது.’ மலர்க் குழுவில் ஒருவர் இந்த வரி நன்றாக இல்லை, எடுத்துவிடலாமா என்று போன் செய்தார். எடுத்தால் பட்டியலையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வரி இருக்கும் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் எனக்கு நேற்று வரை கை வரவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கட்டுரை கொடுத்தாய், நினைவிருக்கிறதா? தங்கம்மா போன்றவர்களிடம் பத்து வருஷம் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டது. ‘அவசரமில்லை மக்கா’ என்றாய். உன் காரியம் முடிந்த பிறகு அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை, வீட்டு இழுப்பறையிலேயே கிடந்தது. பூவாரிலிருந்து வந்த அன்றைக்குத்தான் எடுத்தேன். மேல் மூலையில் உன் வழக்கப்படி தேதி போட்டிருந்தாய். இன்டர்வியூ முடிந்து மூன்று மாதம் கழித்த தேதி. அதாவது அந்தத் தடியன் புத்தகத்தைப் பார்த்த பிறகு. முதல் பெயர் உன்னை எங்கே கொண்டு நிறுத்தும், கடைசிப் பெயர் எங்கே கொண்டு நிறுத்தும் என்று நன்றாகத் தெரிந்த பிறகு.

தலைப்புக்குக் கீழே உன் கையெழுத்து. முதலில் பெரிய சார். அடுத்து டீச்சர். கடைசியில் நீ.

உன்னை முதலில் எழுதியிருந்தால் நான், “இது என்ன, இப்போ வரிசை மாறுது?” என்று கேட்டிருப்பேன். நீ பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்தப் பதில் எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொரு தடவையும் போய்க் கடைசியில் நின்றிருக்கிறாய். அண்ணா, அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் மைனி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அவளிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “உனக்க அண்ணன் ஒரு மண்டன்” என்றாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

இந்தக் கட்டுரையை அனுப்ப இதழ்க்காரர்கள் இப்போது தாளோடு கம்ப்யூட்டர் பிளாப்பியும் கேட்கிறார்கள். அதனால் எதிர்க் கடைக் கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்து, அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி முழுக்க அடித்தேன். அதில் ஒரு பெயரைக் கீழேயிருந்து மேலே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? இரண்டு பொத்தான். ஒரு கண்ணிமைப்பு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது; அந்தப் பெண் ஏதோ அழிந்துபோய்விட்டது என்று பயந்துவிட்டாள்.

உன் பெயரை முதலில் போடுவதற்குப் பெரிய சாரும் டீச்சரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய சாருக்கு எழுத்து தெரியவில்லை. எங்கே என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். “எனக்க பேரு எங்கே?” என்று கேட்டார். மூன்றாவது என்றேன். “சரியாக்கும்” என்றார். மரியாதைக்குச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா, நீ இருந்தால் கண்டுபிடித்திருப்பாய். நேற்று கட்டுரையை நெய்யாற்றின்கரை தபாலாபீசில் போட்டுவிட்டு வந்தேன்.

உன் கையெழுத்தை நான் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் மீறியிருக்கிறேன். ஒரு தடவை உன்னைக் கீழே இறக்க. இப்போது உன்னை மேலே ஏற்ற. இந்தத் தடவையும் உன்னிடம் கேட்கவில்லை.

அவர்கள் போடுவார்களா, போட்டால் யாராவது மேற்கோள் காட்டுவார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தடியன் புத்தகம் வந்திறங்கியதும் நான் பஸ் ஏறுவேன். ஷைலஜாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் பெயரை எடுத்து, கீழே எத்தனை வரி என்று விரல் வைத்துப் பார்ப்பேன். அதே இரண்டு வரிதான் இருந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்த வருஷமும் போவேன். மூன்றாவது வரி வருகிற அன்றைக்குப் பனச்சமூட்டுக்குப் போய்த் தங்கம்மாவிடம் முதலில் சொல்வேன். அதுவரை உன்மேல் உள்ள கோபத்தைக் கீழே வைக்க மாட்டேன்.

பெயர்ப் பட்டியலில் எப்போதும்
உனக்கு அடுத்து நிற்க வேண்டிய
உன் தங்கச்சி,
பகவதி
பாறசாலை